அரவை மெஷினுக்குள் என்னென்ன போகிறது

ஆவணி 2, திங்கள்

இந்த டைரி பொற்கொடி கொடுத்தது. என் தம்பி மகள். விளாத்திகுளத்துக்கு வெளியே பொடிக் கம்பெனி நடத்துகிறாள். மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீளக் கொட்டகை, இரண்டு அரவை மெஷின், எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் வருகிற பெண்கள் ஒரு டஜன் பேர். எனக்கு அங்கே சுத்தம் பார்க்கிற வேலை. "அதட்டுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க வீட்டுல இருக்கா" என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

மலேசியாவில் கடைகள் வைத்திருக்கிற ஒருவர் எங்கள் மிளகாய்ப் பொடியைக் கேட்கிறார். ருசி பிடித்துவிட்டதாம். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பாக்கெட் கூட எடுக்க மாட்டாராம். இந்த ஆர்டர் வந்தால் மழைக்காலத்திலும் எல்லாருக்கும் வேலை இருக்கும். வராவிட்டால் கார்த்திகையில் பாதிப் பேரை நிறுத்தத்தான் வேண்டும் என்று பொற்கொடி நேராகவே சொல்லிவிட்டாள்.

சான்றிதழுக்கு வழிகாட்டத் தூத்துக்குடியிலிருந்து ஜெரால்டு என்று ஒரு தம்பி வருகிறான். எதைச் செய்தாலும் எழுதி வைக்க வேண்டும், எழுதாதது நடக்காத மாதிரி என்கிறான். அதைக் கேட்டுத்தான் பொற்கொடி இந்த டைரியை நீட்டினாள்.

"கம்பெனி விஷயம் கம்பெனி நோட்டுல இருக்கட்டும். மிச்ச பேச்சையெல்லாம் இதுல எழுதுங்க அத்தை. எங்க காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

எழுதுகிறேன். பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

ஆவணி 3, செவ்வாய்

ஜெரால்டு இன்று கொட்டகை முழுக்கச் சுற்றினான். நானும் பின்னாலேயே போனேன். அவன் கண்ணுக்கு என்னென்னவோ தெரிகிறது. டியூப்லைட்டுக்கு மூடி வேண்டும், உடைந்தால் கண்ணாடி பொடியில் விழுமாம். விளக்குமாற்றுக் குச்சி கூடாது. விரலில் காயம் பட்டால் நீல நிறப் பிளாஸ்திரிதான் ஒட்ட வேண்டும்.

"அது ஏன் தம்பி நீலம்?"

"சாப்பாட்டுல நீலமா என்ன ஆன்ட்டி இருக்கு? விழுந்தா உடனே கண்ணுல படும்ல."

நான் வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். கத்தரிக்காய் கூட ஊதாதான். நீலமாக ஒன்றும் அகப்படவில்லை. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

அடுத்து எங்கள் மேல் கண் வைத்தான். தலையில் பூ கூடாது. வளையல் கூடாது. தாலிக் கயிறு உள்ளே இருக்க வேண்டும், மேலே கோட்டு மாட்ட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டு கூடவே கூடாது, கழன்று விழும். மெஷின் ஓட்டுகிற சண்முகக்கனி முறைத்தாள்.

"அப்ப நாங்க பொட்டில்லாம இருக்கவா? எங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னு ஊர்ல கேப்பாகளே?"

நான்தான் வழி சொன்னேன். "குங்குமம் வச்சுக்கிடுறோம் தம்பி. அது கழண்டு விழாதுல்ல?"

"சரி ஆன்ட்டி, அது பரவால்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே அந்தப் பெருமை போயிற்று. மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கரைமேல் காளியம்மன் படத்தைக் கழற்றச் சொன்னான். கண்ணாடி, காய்ந்த மாலை, எண்ணெய் விளக்கு, எதுவும் அரவை அறைக்குள் இருக்கக் கூடாதாம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஆத்தா பார்த்துக்கொண்டிருந்த இடம். படத்தை நானே இறக்கி, வாசல் பக்கம் கை கழுவுகிற குழாய்க்கு எதிரே மாட்டினேன். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். பொற்கொடியிடம் அரை நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆவணி 6, வெள்ளி

முதல் தடவையாக அம்மன் இல்லாத அறையில் மெஷின் ஓடியது. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. மெஷினை அப்படி அநாதையாக விடலாமா? என்னால் ஆனதைச் செய்தேன். யாருக்கும் தொந்தரவு இல்லை.

கோயில் வாசல் கடையில் புதுக் குங்குமம் வாங்கினேன். நல்ல சிவப்பு, விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகவில்லை.

ஆவணி 9, திங்கள்

இன்று சான்றிதழ் பேச்சு. எந்தச் சான்றிதழ் என்று பொற்கொடி முடிவு பண்ண வேண்டும். இத்தனை வகை உண்டு என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"நமக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. பாக்கெட்டுல நம்பர் அடிச்சிருக்கோமே. பின்ன எதுக்குத் தம்பி இன்னொண்ணு?"

"லைசென்ஸ் அரசாங்கம் கேக்குறது ஆன்ட்டி. அது இல்லாம தொழிலே நடத்தக் கூடாது. மத்ததெல்லாம் சரக்கு வாங்குறவங்க கேக்குறது."

"சரி, ஒவ்வொண்ணா சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

பொற்கொடி நெற்றியில் கை வைத்தாள். அவன் பொறுமையாகத்தான் சொன்னான்.

"ஹாசப்னு ஒண்ணு. சாமான் வந்து இறங்குறதுல இருந்து பாக்கெட் வெளிய போற வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் என்ன தப்பு நடக்கும்னு முன்னாடியே யோசிக்கிறது. எந்தப் படியில விட்டா பின்னால பிடிக்க முடியாதோ, அங்க காவல் போடுறது. அடுத்தது ஐஎஸ்ஓ இருபத்திரண்டாயிரம். ஹாசப் அதுக்குள்ளயே இருக்கு. கூடவே முதலாளி பொறுப்பு என்ன, யாருக்கு என்ன பயிற்சி, தப்பு வந்தா யாரு யாருகிட்ட சொல்லணும், அதெல்லாம் வரும். அதுக்கும் மேல எஃப்எஸ்எஸ்சி. ஐஎஸ்ஓ முழுசா இருக்கணும், அது போகக் கட்டடம், தண்ணி, எலி, பூச்சின்னு தனி விதி. சரக்கு தர்றவன் கலப்படம் பண்ணுவானா, எவனாவது வேணும்னே கெடுப்பானான்னும் யோசிச்சு வைக்கணும். சொல்லாம கொள்ளாம ஒரு தடவை வந்து நிப்பாங்க. ஐரோப்பாவுல பெரிய கடைக்காரங்க இதைத்தான் கேப்பாங்க."

நான் வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த வழியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். லைசென்ஸ் என்பது வீட்டில் விளக்கேற்றுவது. அதுகூட இல்லாவிட்டால் வீடே இல்லை. ஹாசப் என்பது விரதம். எங்கே வழுக்குவோம் என்று தெரிந்துகொண்டு அங்கே கவனமாக இருப்பது. ஐஎஸ்ஓ கோயில் கமிட்டி மாதிரி, யார் பூசை, யார் கையில் சாவி, யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருக்கும். எஃப்எஸ்எஸ்சி மாலை போட்டு மலைக்குப் போவது. குருசாமி எந்த நேரம் திரும்பிப் பார்ப்பார் என்று தெரியாது.

இவரிடம் சொன்னேன். "விரதத்துல பாதியில காப்பி குடிப்பியே, அது எந்தச் சான்றிதழ்ல வரும்?" என்று கேட்கிறார். மனுஷனுக்குப் பதில் சொல்லி ஆகாது.

ஆவணி 12, வியாழன்

ஜெரால்டு எங்களைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனான். அவனுக்குத் தெரிந்த இறால் கம்பெனி. மலை ஏறுகிற சான்றிதழ் வாங்கிய இடம். உள்ளே போகுமுன் முட்டளவு பூட்ஸ், தலைக்கு வலை, வாய்க்கு மூடி. மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் நடக்க வேண்டும். எனக்கு ராமேசுவரத்துத் தீர்த்தம் ஆடிய ஞாபகம் வந்தது. ஒரு பெண் கை கழுவுவதற்கு முன் நகத்தைத் தனி பிரஷ்ஷால் தேய்க்கிறாள். நான் வாய்விட்டே கேட்டேன்:

"ஏம்மா, இங்க சாமி படமே இல்லையா?"

"கேன்டீன்ல இருக்கு பெரியம்மா. மாதாவும் இருக்காங்க, முருகனும் இருக்காரு, எல்லாரும் கேன்டீன்லதான்."

திரும்பி வரும்போது பொற்கொடி சொன்னாள், "நமக்கு இவ்வளவு இப்ப முடியாது அத்தை. மலேசியாக்காரரு ஹாசப் போதும்னுட்டாரு. அதுல ஆரம்பிப்போம். ஆனா எஃப்எஸ்எஸ்சி புத்தகத்தையும் படிச்சு வைக்கிறேன்." அவளுக்கு எதிலும் பெரியதைப் பார்த்து வைக்கிற புத்தி. அவள் அப்பனும் அப்படித்தான்.

ஆவணி 20, வெள்ளி

மதுரை லேபுக்கு மிளகாய்ப் பொடி சாம்பிள் போயிற்று. எந்தப் பாக்கெட்டை அனுப்புவது என்று சண்முகக்கனி கேட்டாள். இன்றைய முதல் அரவையில் வந்த பாக்கெட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் அரவைக்குத்தான் ராசி. அதில் ஆத்தாவின் கை இருக்கிறது.

நிறமும் எடுப்பாக இருந்தது.

ஆவணி 30, திங்கள்

லேப் ரிப்போர்ட் வந்தது. பொடியில் சாயம் இருக்கிறதாம். உணவில் சேர்க்கவே கூடாத சாயம்.

பொற்கொடி காகிதத்தைப் பிடித்தபடி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெரால்டு அந்த அரவையிலிருந்து கடைகளுக்குப் போன பாக்கெட் எல்லாவற்றையும் திரும்ப வாங்கச் சொன்னான். சாயங்காலத்துக்குள் அட்டைப்பெட்டிகள் வாசலில் குவிந்தன. கடைக்காரர் ஒருவர், "என்ன தாயி, செங்கல் பொடியா?" என்று சிரித்தாராம்.

"நாம எதையும் சேர்க்கல. அப்ப வத்தல்லயே இருந்திருக்கணும்" என்றாள் பொற்கொடி. அவள் படித்த பெரிய புத்தகத்தில் சரக்கு தருகிறவரைச் சந்தேகப்பட ஒரு பாடமே இருக்கிறது. எங்களுக்கு மிளகாய் வத்தல் தருகிறவர் ஒரே ஆள்தான், தவசிமுத்து அண்ணாச்சி. சந்தையில் மண்டி வைத்திருக்கிறார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. தன் சரக்கைப் பற்றி எப்போதும் ஒரு படி மேலாகவே பேசுகிற ஆள் அவர்.

ஆவணி 31, செவ்வாய்

பொற்கொடி போனில் பேசலாம் என்றாள். நான்தான் நேரே போவோம் என்றேன். சந்தை நாள். மண்டியில் நல்ல கூட்டம்.

"அண்ணாச்சி, வத்தலுக்குச் சாயம் ஏத்துறதை எப்ப இருந்து பழகுனீக?" என்று நான் கேட்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எனக்குக் குரல் அப்படி.

தவசிமுத்து தராசை விட்டு எழுந்தார். "தாயி, பாத்துப் பேசுங்க."

"பாத்துட்டுத்தான் வந்திருக்கோம். மதுரையில மெஷினு பாத்துச் சொல்லியிருக்கு. பிள்ளைக நாளைக்கு வேலை இல்லாம நிக்கும். உமக்கு அம்மன் கூலி குடுப்பா."

"மதினி, வத்தலை முழுசாத்தான குடுக்கேன்? முழு வத்தல்ல சாயம் போட்டா கையில ஒட்டாதா? நீங்கதான தினமும் காம்பு கிள்ளுறீக, உங்க கையில ஒட்டுச்சா?"

நான் அதற்கு என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. பக்கத்து மண்டிக்காரர்கள் வந்து விலக்கினார்கள். இரண்டு வியாபாரிகள் அவரிடம் எடுக்க வந்த மூட்டையை அப்படியே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். அப்போது நல்லா வேணும் என்று இருந்தது.

கை ஒட்டவில்லைதான். என் விரலில் இருக்கிற சிவப்பு வேறு சிவப்பு.

புரட்டாசி 3, வெள்ளி

பாத்திரம் தேய்த்தேன். தலைக்குக் குளித்தேன். கோயிலுக்குப் போகவில்லை, கால் வலி.

புரட்டாசி 8, புதன்

பொற்கொடி தவசிமுத்து வத்தலையும் லேபுக்கு அனுப்பியிருந்தாள், சாக்குக்குள் கைவிட்டு எடுத்த முழு வத்தல். அதில் சாயம் இல்லையாம்.

"அப்ப எங்க இருந்துதான் வந்துச்சு?" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதற்குள் சந்தையில் பேச்சு பரவிவிட்டது. சாத்தூர் மிட்டாய்க்கடைக்காரர் காரச்சேவுக்கு அவரிடம் வத்தல் எடுப்பார், அவரும் நிறுத்திவிட்டாராம். சண்முகக்கனி சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

இன்று அரவை இல்லை. காரணம் தெரிகிற வரை மெஷினை ஓட்டக் கூடாது என்று ஜெரால்டு சொல்லிவிட்டான். பெண்கள் சும்மா உட்கார்ந்து பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

புரட்டாசி 9, வியாழன்

ஜெரால்டு எல்லாரையும் வாசலில் நிற்க வைத்தான். "இதுதான் ஹாசப். வெளிய இருந்து உள்ள நடப்போம். ஒவ்வொரு படியிலயும் ஒரே கேள்விதான், இதுக்குள்ள என்னென்ன போகுது?"

வத்தல் இறங்குகிற இடம். சாக்கு நூல், மண், கல். எழுதினான். காம்பு கிள்ளுகிற இடம். முடி, நகம். வறுக்கிற இடம். எண்ணெய், கரி. எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று, மற்றவர்களுக்கு முந்தி நானே சொன்னேன். "தம்பி, சல்லடைக் கம்பி அறுந்தா அதுவும் போகுமே!" அவன் மகிழ்ந்து எழுதினான். பெரிய புத்தகம் அடுத்தவன் வீட்டைப் பார்க்கச் சொல்கிறது, இந்த ஹாசப் நம் வீட்டுப் படியையே பார்க்கச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மெஷின் வந்தது.

"மெஷின் வாய்க்குள்ள என்னென்ன போகுது?"

"வறுத்த வத்தல்" என்றாள் சண்முகக்கனி. "மல்லி. இரும்புத் தூளு தேஞ்சு விழலாம்."

"வேற? மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி யாராவது பக்கத்துல வர்றாங்களா?"

"சீனியக்காதான் சுத்தம் பாக்க வருவாக."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் துடைக்கத்தான் வருவேன்" என்றேன். "அடுத்த படிக்குப் போங்க தம்பி, வெயில் ஏறுது."

அதற்குப் பிறகு நான் பேசாமல் நடந்ததைப் பொற்கொடி கவனித்தாள். இதைப் போய்க் கவனிக்கிறாள்.

புரட்டாசி 10, வெள்ளி

இவர் வெளியே போயிருந்த நேரம் ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீர் எடுத்து, என் குங்குமத்தை ஒரு சிட்டிகை போட்டேன். என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். முதலில் கீழே போய் உட்கார்ந்தது. பிறகு அடியிலிருந்து ரோஸ் நிறம் புகை மாதிரி எழும்பி வந்து, தம்ளர் முழுக்க நிறைந்துவிட்டது. ஒரு சிட்டிகைதான்.

பக்கத்து வீட்டு லட்சுமியிடம் மஞ்சளில் செய்த குங்குமம் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அவள் அம்மா ஊரில் செய்வது. அதையும் இன்னொரு தம்ளரில் போட்டேன். தண்ணீர் கலங்கியது, அவ்வளவுதான்.

இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து நின்றார்.

"ரோஸ்மில்க்கா? எனக்கு இல்லையா?"

"குடிச்சிராதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துவிட்டார்.

"ஏன், அதுல என்ன இருக்கு?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் ஒரு நாளும் இல்லாமல் கேலி பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுவதும் சொன்னேன். அம்மன் படம் போன பிறகு ஒவ்வொரு அரவை நாளும், மெஷின் வாயில் உள்பக்கமாக மூன்று பொட்டு வைத்து, முதல் வத்தலோடு மூன்று விரலால் ஒரு பிடி போட்டதை. வெளியே வைத்தால் ஜெரால்டு பார்ப்பான் என்று உள்ளே வைத்ததை.

"பொட்டு வச்சது தப்பில்ல" என்றார். "மறைச்சு வச்ச பாரு. உனக்கே தெரிஞ்சிருக்கு."

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்கு விரதம். காப்பி கூடக் குடிக்கவில்லை, இவர் பார்த்தார்.

குங்குமச் செப்பைக் கொண்டுபோய்ப் பொற்கொடி மேஜையில் வைத்தேன். "இதையும் லேபுக்கு அனுப்பு" என்றேன்.

அவள் செப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எந்தெந்த நாள் அத்தை?"

"ஆவணி முதல் வெள்ளியில இருந்து எல்லா அரவை நாளும். முதல் அரவையில மட்டும்."

"லேபுக்குப் போன பாக்கெட்?"

"அதையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். ராசின்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "நாம சொல்லாம இருந்தா என்ன? மெஷினைக் கழுவிட்டு மறுபடி சாம்பிள் அனுப்பினா சரியா வரும். காரணம் தெரியலன்னு எழுதிரலாம்" என்றாள்.

ஜெரால்டு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "குங்குமம்னா பரவால்லன்னு சொன்னவன் நான்தான் ஆன்ட்டி. அதையும் எழுதணும்" என்றான்.

"எழுது தம்பி" என்றேன். "ஆனா அண்ணாச்சி பேரு சந்தையில கிடக்கு. அதை எந்த நோட்டுல எழுதி எடுக்கிறது?"

பொற்கொடி எழுந்து, முதல் அரவைப் பாக்கெட் எதுவும் கடைகளில் மிச்சம் இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தாள்.

புரட்டாசி 14, செவ்வாய்

சந்தை நாள். மகாளய அமாவாசை, இவர் தர்ப்பணம் முடித்து வந்ததும் கிளம்பினேன். பொற்கொடி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பின்னாலேயே வந்தாள்.

தவசிமுத்து மண்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய்த் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான். என் மேலதான்..."

அவர் கையை உயர்த்தினார். "என்ன மதினி, தொண்டை கட்டிருச்சா?"

"இல்லையே."

"அன்னைக்கு எவ்வளவு சத்தமா சொன்னீகளோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். அந்தா, அவுகளுக்குத்தான் கேக்கணும்."

எதிர் மண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆத்தாளை நினைத்துக்கொண்டு சொன்னேன். அண்ணாச்சி வத்தலில் சாயம் இல்லை, லேபில் பார்த்தாயிற்று, சாயம் என் குங்குமத்தில் இருந்தது, அதை மெஷினில் போட்டவள் இந்தச் சீனியம்மாள்தான் என்று. வாழைக்காய்க் கடைப் பெண் கூடைமேல் ஏறி நின்று கேட்டாள். முடித்ததும் யாரோ, "இன்னொருக்கா சொல்லுக்கா, பஸ் சத்தத்துல கேக்கல" என்றான். இன்னொரு தடவையும் சொன்னேன்.

தவசிமுத்து சிரிக்கவில்லை. ஒரு வத்தலை எடுத்து உடைத்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்க." நான் மோந்தேன். தும்மினேன். "சாயம் இந்த மாதிரி தும்ம வைக்குமா?" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அடுத்த வாரத்துச் சரக்கை அனுப்புவதாகப் பொற்கொடியிடம் சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

புரட்டாசி 15, புதன்

புது விதி. அரவை அறைக்குள் குங்குமப் பொட்டும் கூடாது. வாசலில் அழித்துவிட்டு, வெளியே வரும்போது வைத்துக்கொள்ளலாம். விதியைச் சொன்னவளும் நான்தான், வாசலில் நின்று பார்க்க வேண்டியவளும் நான்தான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கழுவுகிற நேரம் தவிர என் நெற்றி வெறுமையாக இருந்ததில்லை. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வாசலில் நின்றேன். மதியம் இவர் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நல்லா பாத்துக்கோ" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். சண்முகக்கனி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புரட்டாசி 23, வியாழன்

ஆயுத பூசை. ஊரில் எல்லா மெஷினும் எல்லா வண்டியும் சந்தனமும் குங்குமமுமாக நிற்கிறது. நாங்கள் என்ன செய்வது என்று நேற்று வரை பேச்சு. பூசையே வேண்டாம் என்று ஜெரால்டும் சொல்லவில்லை, அவனுக்கும் பொரிகடலை வேண்டும்.

மெஷின்களை நிறுத்தி, கழற்ற முடிந்ததைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தோம். பொட்டு, தீபாராதனை, பொரி எல்லாம் அங்கேயே. முடிந்ததும் சோப்புத் தண்ணீர், சுடுதண்ணீர், பிறகு துடைத்துச் சோதித்து உள்ளே. இது வரை கழுவிவிட்டுப் பூசை செய்வோம். இந்த வருஷம் பூசை செய்துவிட்டுக் கழுவினோம். சாமி ஒன்றும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எனக்கு அந்தப் படம் செருப்புப் பக்கத்தில் இருப்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவரிடம் சொன்னேன். பொரியை மென்றுகொண்டே கேட்டார்:

"ஏன், கரைமேல் காளி எங்க இருக்கா? ஊருக்குள்ளயா இருக்கா?"

"கண்மாய்க்கரையில."

"ஊருக்கு வெளிய நிக்கிறதாலதான் அவ காவல். உள்ள உக்காந்துக்கிட்டு யாரைக் காவல் காப்பா?"

மனுஷன் எப்போதாவது இப்படி ஒன்று சொல்லிவிடுகிறார். செருப்பு விடுகிற பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மாட்டினேன், வருகிறவர்கள் நெற்றியெல்லாம் தெரிகிற மாதிரி.

என் செப்பில் இருந்தது அதே சாயம்தான், கழுவின மெஷினில் அரைத்த பொடியில் இல்லை என்று லேபிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. லட்சுமியின் அம்மா ஊரிலிருந்து மஞ்சளும் செய்முறையும் வாங்கி வந்து வீட்டிலேயே குங்குமம் செய்து வைத்திருக்கிறேன். சிவப்பு கொஞ்சம் மட்டுதான். போன வாரமே பொற்கொடி அதில் ஒரு சிட்டிகையை லேபுக்கு எடுத்துப் போனாள்.

புரட்டாசி 27, திங்கள்

இன்று ஆடிட். சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். என் வயசு இருக்கும். பட்டுக்கரைச் சேலை, கையில் பெரிய கைப்பை, நெற்றியில் பெரிய வட்டக் குங்குமம். ஜெரால்டு முன்னால் ஓடி கோட்டு, தலைவலை எல்லாம் கொடுத்தான். அவர்கள் வளையலைக் கழற்றினார்கள், கை கழுவினார்கள், கதவை நோக்கி நடந்தார்கள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

வாசலில் நிற்கிற வேலை என்னுடையது. ஒரு சுமங்கலியிடம், நவராத்திரி முடிந்த கையோடு, அதைச் சொல்வதா? எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் பெரிய சண்டையாகும். பொற்கொடி அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்று எனக்குத் தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் வேண்டாம் என்று. பன்னிரண்டு பெண்கள் உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். "பொட்டை அழிச்சிட்டுத்தான் உள்ள போகணும்."

அந்த அம்மா திரும்பினார்கள். முகம் மாறியது. "என்ன சொன்னீங்க?"

"தப்பா நினைக்காதீக. நானும் அழிச்சிருக்கேன், பாருங்க."

"நான் எத்தனையோ கம்பெனி பாத்திருக்கேன். யாரும் என்கிட்ட இப்படிச் சொன்னதில்லை. ஏன்னு காரணம் சொல்ல முடியுமா?"

காரணம் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்கலாமா? அம்மன் படத்தில் ஆரம்பித்தேன். நீலப் பிளாஸ்திரி, மூன்று விரல் பிடி, ரோஸ்மில்க் தம்ளர், சந்தையில் கத்தினது, மறுபடி சந்தையில் கத்தினது, ஒன்றையும் விடவில்லை. பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். ஜெரால்டு சுவரைப் பார்த்தான். நான் முடித்தபோது அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு ஈரக் காகிதத்தை எடுத்து, அம்மன் படத்தின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, மெதுவாக நெற்றியைத் துடைத்தார்கள்.

"மெஷினைக் காட்டுங்க" என்றார்கள்.

சாயங்காலம் வரை பார்த்தார்கள். சின்னச் சின்னக் குறை சொன்னார்கள், ஒரு ஜன்னல் வலை கிழிந்திருக்கிறது, தராசுச் சோதனைக் கையெழுத்து ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. அவற்றைச் சரிசெய்து அனுப்பினால் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பதாகப் பொற்கொடியிடம் சொன்னார்கள். அவள் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி விடவில்லை.

அந்த அம்மா கோட்டைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தார்கள். வெறும் நெற்றியோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அம்மன் தட்டிலிருந்து குங்குமத்தை நீட்டினேன். விரலை நீட்டியவர்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

"இது எங்க வாங்கினது?"

"வாங்கினதில்லம்மா, நானே மஞ்சள்ல செஞ்சது" என்றேன். "வச்சுக்குங்க. ரிப்போர்ட் இருக்கு."